கேலா இரவில் வேட்டி கட்டலாமா? உல்லாசக் கப்பலின் ஃபார்மல் இரவுகளுக்கு என்ன உடுத்துவது

கேள்வி இதுதான். அடுத்த மே மாதம் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் வரை குயின் மேரி 2 கப்பலில் ஏழு இரவுப் பயணம். போகிறவர்கள் கவென்ட்ரியில் வேலை பார்க்கும் மகள், மருமகன், பதினான்கு வயதுப் பேரன், கும்பகோணத்திலிருந்து வரும் அப்பா, அம்மா. டிக்கெட்டுடன் வந்த குறிப்பில் ‘கேலா இரவு’, அதாவது விருந்து உடையில் சாப்பிட வர வேண்டிய இரவு, என்று போட்டிருக்கிறது. அப்பா வேட்டியைத் தவிர வேறெதையும் கட்டுவதில்லை. அவருக்கு இந்த வயதில் கோட் சூட் தைக்க வேண்டுமா? அம்மாவுக்கு எத்தனை பட்டுச் சேலை? கணவரும் பையனும் என்ன போட்டுக்கொள்வது? எதுவும் வேண்டாமென்று அந்த இரவுகளில் அறையிலேயே சாப்பிட்டுவிட்டால் என்ன?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பதினொரு ஆண்டுகள் உல்லாசக் கப்பல்களின் உணவுக்கூடங்களில் பரிமாறியிருக்கிறேன். கடைசி நான்கு ஆண்டுகள் கூடத்தின் வாசலில் நின்று விருந்தினரை மேசைக்கு அழைத்துப் போகும் வேலை. நீங்கள் போகும் கப்பலில் நான் வேலை பார்த்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு மனைவியுடன் ஒரே ஒருமுறை பயணியாகப் போய் வந்தேன். வாசலில் நின்ற அந்த நான்கு ஆண்டுகளில் உள்ளே வந்தவர்களில் பலரை மறந்துவிட்டேன். வராமல் போன ஒருவரை மறக்க முடியவில்லை. மதுரைப் பக்கத்துப் பெரியவர். மகனும் மருமகளும் சிங்காரித்துக்கொண்டு சாப்பிட வந்தார்கள். இவர் தன்னிடம் கோட்டு இல்லை என்று மூன்று இரவும் கேபினில் தயிர் சாதம் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய பெட்டியில் மயில்கண் வேட்டியும் அங்கவஸ்திரமும் மடிப்புக் கலையாமல் இருந்தன. அவை போதும் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. எனக்குத் தெரிந்தபோது கப்பல் கரைக்கு வந்துவிட்டது.

இந்தக் கூச்சம் புதிதன்று. 1888 செப்டம்பரில் பம்பாயிலிருந்து ‘கிளைடு’ கப்பலில் புறப்பட்ட பதினெட்டு வயது மோகன்தாஸ் காந்தி, கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாமல், எந்தப் பண்டத்தில் இறைச்சி இல்லை என்று கேட்கவும் துணியாமல், வீட்டிலிருந்து கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் கேபினிலேயே தின்று பயணத்தை முடித்தார். கப்பலில் கறுப்பு சூட். கரையில் இறங்கும்போது போடவென்று வெள்ளை ஃபிளானல் சூட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். சவுத்தாம்ப்டனில் இறங்கிப் பார்த்தால், செப்டம்பர் கடைசியில் வெள்ளை உடுத்திய ஒரே ஆள் அவர்தான். மாற்று உடைப் பெட்டிகளின் சாவியோ ஏஜெண்டிடம் போய்விட்டது. இதையெல்லாம் அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பிறகு லண்டனில் பாண்ட் தெருவில் பத்து பவுண்டு கொடுத்து மாலைநேர சூட் தைத்ததையும், கண்ணாடி முன் நின்று டை கட்டப் பழகியதையும் அவர் ஒளிக்கவில்லை. அதே மனிதர் 1931இல் ‘ராஜபுதனா’ கப்பலில் அரைவேட்டியோடு போய், பக்கிங்ஹாம் அரண்மனை விருந்துக்கும் அப்படியே போனார். உங்கள் அப்பா அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. முழு வேட்டியே போதும்.

இனி விதிக்கு வருவோம். நீங்கள் போகும் கப்பல் குனார்ட் நிறுவனத்துடையது. உடை விஷயத்தில் இன்றும் பழைய பிடிவாதத்தோடு இருக்கும் வெகு சில நிறுவனங்களில் அது ஒன்று. மாலை ஆறு மணிக்குப் பிறகுதான் உடைக் கட்டுப்பாடு. அதுவரை கால்சட்டையோ சட்டையோ உங்கள் இஷ்டம். ஏழு இரவில் இரண்டு அல்லது மூன்று கேலா இரவுகள் வரும். எந்தெந்த நாள் என்று புறப்படுவதற்கு முன்பே தெரிவித்துவிடுவார்கள். மற்ற இரவுகளில் நேர்த்தியான உடை போதும். ஆணுக்குக் காலர் வைத்த சட்டையும் நல்ல பேண்ட்டும். கோட்டு விருப்பம். பெண்ணுக்கு நல்ல சுடிதார் தாராளம். கிழிசல் ஜீன்ஸும் அரைக்கால்சட்டையும் மட்டும் ஆகாது.

கேலா இரவுக்கு ஆண்களிடம் எதிர்பார்ப்பது டின்னர் ஜாக்கெட், அதாவது டக்ஸீடோ. அது இல்லாவிட்டால் கருநிற சூட்டோடு போ டை (கழுத்தில் பட்டாம்பூச்சிபோல் நிற்கும் டை) அல்லது சாதாரண டை. பெண்களுக்கு மாலை கவுன், அல்லது அதற்கு நிகரான நேர்த்தியுள்ள எதுவும். இத்தோடு விதியில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. தேசிய முறை உடைகளும் வரவேற்கப்படும் என்கிறது அது. ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டம்போட்ட கில்ட் பாவாடையில் வந்து நிற்பது இந்தச் சொல்லை நம்பித்தான். உங்கள் அப்பா வரப்போவதும் இதே வாசலில்தான்.

நான் வேலை பார்த்த ஒரு கப்பலில் நடந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பட்டு வேட்டி, முழுக்கைச் சட்டை, அங்கவஸ்திரம் என்று வந்தார். வாசலில் என்னோடு நின்ற புதுப் பையன் செர்பியாக்காரன். ‘இவரை விடலாமா?’ என்று கண்ணால் கேட்டான். ‘முன்னால் போன கில்ட்காரரை விட்டாயல்லவா?’ என்றேன். சிரித்துவிட்டு மேசை வரை கூட்டிக்கொண்டு போய் நாற்காலியை இழுத்துப் போட்டான். அன்று இரவு அவருடைய மேசைக்கு வந்து துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனவர்கள் பலர். வேட்டிக்கு வாசலில் தடை போட்டது நம் ஊர்தான். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப் நிகழ்ச்சிக்கு வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாதமே தமிழக சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. கப்பல்காரர்கள் அந்த விஷயத்தில் நம் கிளப்களைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் வேட்டி என்றால் எந்த வேட்டியும் ஆகாது. வீட்டில் கட்டும் நாலு முழம் வேண்டாம். எட்டு முழ வேட்டி, பட்டு அல்லது நல்ல பருத்தியில், சரிகைக் கரை. கட்சிக் கரை கூடவே கூடாது. வெள்ளைக்காரர்களுக்குப் புரியாது, மேசையில் இன்னொரு தமிழர் இருந்தால் சாப்பாடு தடம் மாறிவிடும். முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை இஸ்திரி போட்டது. அங்கவஸ்திரம் மடித்து ஒரு தோளில். கப்பல் லேசாக ஆடும், படிக்கட்டுகள் அதிகம். ஆகவே உள்ளே பெல்ட் போட்டுக்கொள்ளட்டும். வெல்க்ரோ வைத்த வேட்டி வாங்கினாலும் தப்பில்லை. உணவுக்கூடத்திலோ நடைவழியிலோ மடித்துக் கட்டக் கூடாது என்பதை மட்டும் மகளாக நீங்கள்தான் சொல்ல முடியும். பழக்கதோஷம், கை தானாகப் போகும். காலுக்குப் பளபளவென்று துடைத்த கறுப்புத் தோல் செருப்பு போதும். ரப்பர் செருப்பும் விளையாட்டு ஷூவும் வேண்டாம்.

குளிரை நினைத்துத்தான் எனக்குக் கவலை. மே மாதத்திலும் வட அட்லாண்டிக் குளிரடிக்கும். கூடத்திலோ ஏசி. நம் பெரியவர்கள் உடனே வேட்டி சட்டைக்கு மேல் பழுப்பு ஸ்வெட்டர், மஃப்ளர், அதற்கும் மேல் குரங்குத் தொப்பி என்று ஏறிவிடுவார்கள். கேலா இரவில் கண்ணை உறுத்துவது வேட்டி அன்று, இந்தக் கலவைதான். உள்ளே உடம்போடு ஒட்டிய வெப்ப பனியன் ஒன்று, காலுக்கும் அதே ரகத்தில் ஒன்று. வெளியே தெரியாது. அதுவும் போதாது என்றால் கழுத்து மூடிய கறுப்புக் கோட்டு ஒன்றை வேட்டிக்கு மேல் போடலாம். ‘கலவை கூடாது என்றீர்களே’ என்று கேட்பீர்கள். நூறு ஆண்டுக்கு முந்தைய சென்னை வக்கீல்கள், பேராசிரியர்களின் புகைப்படங்களைப் பாருங்கள். பஞ்சகச்சம், மேலே மூடிய கோட்டு, தலைப்பாகை. அது அந்தக் காலத்து முழு உடுப்பு. அப்பாவுக்குப் பஞ்சகச்சம் கட்டத் தெரியுமானால் அந்தக் கோட்டோடு அவர் வரும்போது டக்ஸீடோக்காரர்கள் ஒதுங்கி நிற்பார்கள். அவர் ஊர்க்காரர் இராமானுஜன் 1914இல் ‘நெவாசா’ கப்பலேறுவதற்கு முன் குடுமியை எடுத்துவிட்டுக் கோட்டும் கால்சட்டையும் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது அப்படி யாரும் கேட்பதில்லை.

அம்மாவுக்கு வருகிறேன். இங்கே சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் எண்ணிக்கை. இரண்டு பட்டுப் போதும், மூன்றாவது கேலா இருந்தால் முதல் சேலையை வேறு ரவிக்கையோடு மீண்டும் கட்டலாம். யாரும் கணக்கெடுப்பதில்லை. ஒரே டக்ஸீடோவை அந்த ஆண்கள் எல்லா இரவும் போடுகிறார்கள். சென்னையிலிருந்து லண்டனுக்கு விமானம் என்பதால் எடைதான் உங்கள் எதிரி. கப்பலில் பெட்டிக்குக் கெடுபிடி இல்லை. கனத்த காஞ்சிபுரம் ஒன்றும், எடை குறைந்த மென்பட்டு ஒன்றும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கனத்ததை முதல் கேலாவுக்குக் கட்டிவிட்டால் மீதி நாள் அதைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை.

அடுத்து, கருப்பொருள். இந்தக் கப்பல்களில் கேலா இரவுக்குப் பெரும்பாலும் ஒரு தலைப்பு வைப்பார்கள். கறுப்பு வெள்ளை, முகமூடி, சிவப்பும் பொன்னும் என்று. கறுப்பு வெள்ளை இரவில்தான் வீட்டில் தகராறு வரும். சுமங்கலி கறுப்புக் கட்டுவதா என்று அம்மா கேட்பார். கட்டாயம் ஒன்றுமில்லை. தலைப்பு ஒரு விளையாட்டு, அந்த நிறத்தில் உடுத்தாத யாரையும் வெளியே அனுப்பமாட்டார்கள். சந்தன வெள்ளையில் கருநீலக் கரை வைத்த சேலை இருந்தால் அது போதுமானதற்கும் மேல். முகமூடி இரவில் மூக்குக் கண்ணாடிக்காரர்களுக்குக் கட்டும் முகமூடி சரிப்படாது. கைப்பிடி வைத்து முகத்துக்கு நேரே பிடிப்பது ஒன்று இருக்கிறது, அதை வாங்குங்கள். ஐந்து நிமிடம் பிடித்துப் படம் எடுத்தபின் எல்லோரும் மேசையில் வைத்துவிட்டுச் சூப்பைக் குடிக்கத் தொடங்கிவிடுவார்கள். சிவப்பும் பொன்னும் வந்துவிட்டால் அம்மாவுக்கு ஒரு வேலையுமில்லை. அரக்குச் சிவப்பில் பொன் சரிகை போட்ட முகூர்த்தச் சேலை எந்தத் தமிழ்நாட்டு பீரோவில் இல்லை? கப்பல் முழுவதும் அன்றைக்கு அவருடைய பீரோவைப் பார்த்து உடுத்தியதுபோல் இருக்கும்.

மூன்றாவது, சேலை கப்பலில் எப்படி நடந்துகொள்கிறது என்பது. மேல்தளத்துக் காற்று முந்தானையை விடாது. படம் எடுக்க வெளியே போகவே வேண்டுமென்றால் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போக வேண்டும். கொசுவத்தில் ஊக்கு இரண்டு, தோளில் ஒன்று, கைப்பையில் ஆறு. கொசுவத்தைத் தரையிலிருந்து ஒரு விரல்கடை தூக்கியே வைத்துக் கட்டட்டும். ஆடும் தரையில் காலில் மாட்டினால் பிடித்துக்கொள்ளச் சுவர்தான். அந்தச் சேலையோடு போடப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்டே கட்ட வேண்டும், வெறுங்காலோடு கட்டிவிட்டுப் பிறகு செருப்பு மாட்டினால் உயரம் தவறிவிடும். குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம். இளம்பெண்களே அட்லாண்டிக் அலையில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். நாற்காலியை நாங்கள் பின்னாலிருந்து தள்ளி உட்காரவைப்போம். அப்போது முந்தானையை மடியில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாற்காலிக் காலில் மாட்டிக் கிழிந்த முந்தானைகள் என் கணக்கில் மூன்று.

சேலையில் எண்ணெயோ குழம்போ சொட்டினால் தண்ணீர் வைத்துத் தேய்க்க வேண்டாம். உடனே முகப்பவுடரைத் தூவி இரவெல்லாம் விட்டுவிட்டுக் காலையில் தட்டிவிடுங்கள். மீதியை ஊருக்கு வந்து பட்டுக்குப் பழக்கப்பட்ட சலவைக்காரரிடம் கொடுங்கள். காஞ்சிபுரத்தைக் கப்பலின் சலவையகத்துக்கு அனுப்பாதீர்கள். அவர்கள் மீது குற்றமில்லை, சரிகையை அவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். ஒரு விஷயம் மறந்துவிடப் போகிறேன், அந்துருண்டை வாசனை. பீரோவிலிருந்து எடுத்த சேலையை ஒரு வாரம் முன்பே நிழலில் காற்றாட விட்டுவிடுங்கள். எட்டுப் பேர் உட்காரும் மேசையில் அது எல்லோருக்கும் பரிமாறப்படும்.

நகையைப் பற்றி ஒரே வார்த்தை. தாலிக்கொடி, வளையல், தோடு போக ஒரு மாலை போதும். அதுவும் கோயில் நகை மாதிரியில் முலாம் பூசியதாக இருந்தால் நிம்மதி. அசலைத்தான் போடுவேன் என்றால் இந்தியாவிலிருந்து கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் காட்டிச் சான்று வாங்கிக்கொண்டு போகட்டும். திரும்பி வரும்போது கேள்வி வராது.

உங்களுக்கு என்ன உடுத்துவது என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் உங்களுக்கே தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். சேலையோ நீண்ட அனார்கலியோ கவுனோ எல்லாம் சரி. ஒரு நல்ல சால்வை மட்டும் கையில் இருக்கட்டும். உணவுக்கூடத்தின் ஏசி ஆண்களின் மூன்றடுக்குக் கம்பளிக் கோட்டுக்கு ஏற்றபடி வைத்தது.

உங்கள் கணவர் புதிதாக எதையும் தைக்க வேண்டாம். கல்யாண வரவேற்பில் போட்ட கோட் சூட் ஒன்று கட்டாயம் எங்காவது தொங்கும். கருநீலம், கறுப்பு, அடர்சாம்பல் என்றால் அதுவே கேலா உடை. மெரூன் நிறத்தில் மினுமினுப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள், அது வரவேற்பு மேடையோடு சரி. இன்றே எடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பயணத்துக்கு முதல்நாள் பார்த்தால் பொத்தான் பதில் சொல்லும். பேண்ட்டின் பின் தையலுக்குள் தையல்காரர் கூடுதல் துணி விட்டிருப்பார், இடுப்பில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் பெரிதாக்கிவிடலாம். கோட்டின் தோள் பொருந்தவில்லை என்றால் மட்டும் அந்தக் கோட்டைக் கைவிட வேண்டும், தோளைத் திருத்துவது புதிதாகத் தைப்பதற்குச் சமம். வெள்ளைச் சட்டை, கறுப்பு ஷூ, கறுப்பு சாக்ஸ். உட்காரும்போது கெண்டைக்கால் தெரியாத நீளமான சாக்ஸ்.

டக்ஸீடோ போட்டே பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தால் தடுக்காதீர்கள். இங்கிலாந்தில் வாடகைக்கும் கிடைக்கும். அந்த உடுப்பின் கதையே வேடிக்கையானது. பின்னால் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர், நீண்ட வால் கோட்டுக்குப் பதிலாக 1865இல் லண்டன் ஹென்றி பூல் கடையில் குட்டையான கோட்டு ஒன்று தைத்துக்கொண்டார். அதாவது, இன்று நாம் விறைப்பின் உச்சம் என்று பயப்படுவது அன்று சௌகரியத்துக்காகக் கண்டுபிடித்த வீட்டு உடை. 1886இல் அது நியூயார்க் பக்கத்து டக்ஸீடோ பார்க் கிளப்புக்குப் போய் அந்த ஊரின் பெயரைச் சுமந்துகொண்டது. அதன் கழுத்துப்பட்டி பட்டுத் துணியில் பளபளக்கும். கால்சட்டையின் பக்கவாட்டில் ஒற்றைப் பட்டுக் கோடு ஓடும். பெல்ட் கிடையாது. இடுப்பில் சுற்றும் கமர்பண்ட், நம் நாட்டிலிருந்த வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரிகள் இங்கிருந்து எடுத்துப் போன கமர்பந்துதான். அதன் மடிப்புகள் மேல்நோக்கி இருக்க வேண்டும், பாதிப் பேர் தலைகீழாகக் கட்டிக்கொண்டு வருவார்கள், நாங்கள் பார்த்தும் பாராமல் இருப்போம். போ டையைக் கையால் கட்டத் தெரியாவிட்டால் கட்டியே வைத்ததை வாங்கி மாட்டுங்கள். காந்தி காலத்தில்தான் அது தப்பு.

‘ஜாக்கெட்’ என்ற சொல்லால் வந்த குழப்பம் ஒன்று. விருந்தினர் ஒருவர் தொலைபேசியில் ஊருக்குப் பேசி, ‘ஜாக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாம்’ என்று சொன்னார். மறுமுனையில் அவருடைய தாயார், ‘எந்தக் கப்பலில் விடுவார்கள்?’ என்று கேட்டாராம்.

பையனுக்குக் கோட்டு தைப்பது வீண் செலவு. பதினான்கு வயதில் கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீளும். கறுப்புப் பேண்ட், வெள்ளைச் சட்டை, அப்பாவின் டை ஒன்று. பள்ளிக்கூட பிளேசர் கருநீலமாக இருந்தால் முத்திரையைப் பிரித்துவிட்டுப் போடலாம். அவனுடைய ஷூவைத்தான் கவனிக்க வேண்டும். மேலே ராஜகுமாரனாகவும் காலில் ஓட்டப்பந்தய வீரனாகவும் வரும் பிள்ளைகளை நிறையப் பார்த்தாயிற்று. அவனுக்கு எதுவுமே பிடிக்கவில்லை என்றால் கேலா இரவிலும் சாதாரண உடையில் சாப்பிட இடம் உண்டு. கிங்ஸ் கோர்ட் பஃபே, கோல்டன் லயன் பப், கரிந்தியா லவுஞ்ச் ஆகிய இடங்களில் யாரும் டை கேட்பதில்லை. அங்கே போய் வறுத்த உருளைக்கிழங்கு தின்றுவிட்டு வரட்டும். பெரிய உணவுக்கூடத்துக்குள்ளும் குயின்ஸ் ரூம் நடனக் கூடத்துக்குள்ளும் மட்டும் அந்த இரவுகளில் கேலா உடை இல்லாமல் போக முடியாது. அந்த நடனக் கூடத்தை நீங்கள் தவறவிடக் கூடாது. ஆடத் தெரிய வேண்டியதில்லை, ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுபது வயதுத் தம்பதிகள் வால்ட்ஸ் ஆடுவதைப் பாருங்கள். நியூயார்க் பக்கம் போகும்போது ஐந்து இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். எவ்வளவு நேரம் விழித்தாலும் தூக்கத்துக்கு நஷ்டமில்லை.

இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோகாதீர்கள். தீப்பிடிக்கும் என்று எந்தக் கப்பலிலும் கேபினுக்குள் அதை அனுமதிப்பதில்லை. பெட்டியைச் சோதிக்கும்போதே எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும்போதுதான் தருவார்கள். நீராவி இஸ்திரிக்கும் அதே கதி. உங்கள் கப்பலில் பயணிகளே துவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ளும் அறைகள் இருக்கின்றன, காசில்லை. ஆனால் கேலா மாலை நாலு மணிக்கு அங்கே நடக்கும் வரிசைச் சண்டை, நம் ஊர்க் குழாயடியை நினைவூட்டும். காலைச் சிற்றுண்டிக்கு எல்லோரும் போயிருக்கும் நேரத்தில் போய் வேட்டி சட்டையை முடித்துவிடுங்கள். கோட்டைக் குளியலறையில் மாட்டி, வெந்நீரைத் திறந்து கதவைச் சாத்தினால் கால் மணி நேரத்தில் சுருக்கம் விடும். பட்டுக்கு இந்த வைத்தியம் வேண்டாம்.

படக்காரர்கள் நடைவழிகளில் திரை கட்டிக் காத்திருப்பார்கள். எடுப்பது இலவசம், வாங்குவதுதான் விலை. எடுத்துக்கொள்ளுங்கள், பிடித்ததை மட்டும் வாங்குங்கள். அம்மாவின் சரிகை ஃபிளாஷில் வெளுத்துவிடும் என்பதால் ஃபிளாஷ் இல்லாமல் பெரிய படிக்கட்டில் நிற்கவைத்து ஒன்று நீங்களே எடுங்கள். சாப்பாட்டுக்கு முன்பே எடுங்கள், பின்னால் எடுத்தால் வேட்டியில் கப்பலின் தக்காளி சூப் விழுந்திருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், வேறு யாருக்காவது பயன்படும். இந்த விதிகள் எல்லாக் கப்பலுக்கும் பொருந்தா. நார்வீஜியன் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே கட்டாய ஃபார்மல் இரவைக் கைவிட்டது. செலிப்ரிட்டி 2015இல் விட்டது. வைக்கிங், ஓஷியானியா கப்பல்களில் அந்தப் பேச்சே இல்லை. கார்னிவலில் ஐந்து நாள் வரையிலான பயணத்தில் ஒன்று, அதற்கு மேல் இரண்டு என்று இருக்கிறது, ஆனால் கோட்டு கட்டாயமில்லை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ராயல் கரீபியன் கப்பல்களில் நம்மவர்கள் நிறையப் போகிறார்கள், அங்கே அந்த இரவுக்கு ஒரு நல்ல சட்டையும் பேண்ட்டும் போதும், பட்டுச் சேலை கட்டிப் போனால் மேசைக்கு மேசை கூப்பிட்டுப் படம் எடுப்பார்கள். டிக்கெட்டில் இருக்கும் நிறுவனத்தின் பெயரைப் பார்த்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள். வேறொருவர் வேறொரு கப்பலில் போனதைக் கேட்டுக் கட்டாதீர்கள். இந்த ஒரு காரணத்தால் வெறும் டி-ஷர்ட்டோடு குனார்டில் ஏறியவர்களையும், மூன்று சூட்டோடு நார்வீஜியனில் ஏறியவர்களையும் எனக்குத் தெரியும்.

முதல் இரவும் கடைசி இரவும் கேலா இருக்காது. அது பெரிய நீராவிக் கப்பல்கள் காலத்து வழக்கம். முதல் இரவில் பெட்டி வந்து சேர்ந்திருக்காது, கடைசி இரவில் பெட்டியைக் கட்டியாகிவிடும். இன்றும் கதை அதுதான். இறங்குவதற்கு முந்தைய இரவில் பெரிய பெட்டிகளைக் கேபின் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். இரவோடு இரவாக எடுத்துப்போய்விடுவார்கள், பிறகு துறைமுகத்தில்தான் கண்ணில் படும். காலையில் போட வேண்டிய துணியை எடுத்து வைக்காமல் எல்லாவற்றையும் கட்டி அனுப்பிவிட்டவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் இரண்டு பேராவது இருப்பார்கள். ஒருமுறை ஒரு கனவான் மேலே டின்னர் ஜாக்கெட்டும் கீழே கோடுபோட்ட பைஜாமாவுமாகக் காலைக் காபிக்கு வந்தார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, நான் காபியை ஊற்றினேன். உங்கள் அப்பாவின் கைப்பையில் ஒரு வேட்டியை மடித்து வைத்துவிடுங்கள்.